எப்போது வறுத்தது, எந்த மலை, எவ்வளவு சிக்கரி? நெய்வேலி வரை வந்துவிட்ட சிறு ரோஸ்டர் காபியும் நாம் கேட்க மறந்த கேள்விகளும்

நெய்வேலி நகரியத்தில் ஒரு குவார்ட்டர்ஸ் வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். எந்த வட்டம் என்பது உங்கள் விருப்பம். நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு வந்த மகன், கூரியரில் வந்த பாக்கெட் ஒன்றைப் பிரிக்கிறார். குட்டி டிஜிட்டல் தராசில் 15 கிராம் காபிக் கொட்டையை நிறுத்து, கையால் சுற்றும் கிரைண்டரில் அரைத்து, கண்ணாடிக் குடுவை மேல் காகித வடிகட்டி வைத்து, நிதானமாக வெந்நீர் ஊற்றுகிறார். பாலும் இல்லை, சர்க்கரையும் இல்லை. அம்மாவுக்கும் ஒரு வாய் கொடுக்கிறார்.

"என்னடா இது, காபியில எலுமிச்சம்பழம் பிழிஞ்ச மாதிரி இருக்கு?"

"அதோட டேஸ்ட்டே அதாம்மா."

"கால் கிலோ எவ்வளவு?"

"அறுநூறு."

"அறுநூறா! அந்தக் காசுக்கு நம்ம கடையில முக்கா கிலோ வாங்கலாமேடா!"

காட்சி கற்பனைதான். ஆனால் காபி குடிக்கும் எந்த வீட்டிலும் நடக்கக்கூடிய சண்டை இது. ஒரு பக்கம் டபராவில் ஆற்றிய டிகிரி காபி, மறுபக்கம் பெயர் தெரியாத மலையிலிருந்து வந்த 'பிளாக்' காபி. எது ஒசத்தி என்று சோஷியல் மீடியாவிலும் பஞ்சாயத்து ஓயவில்லை. ஒரு தரப்பு "ஃபில்டர் காபியா, அது வெறும் பாலும் சிக்கரியும்" என்கிறது. இன்னொரு தரப்பு "பணம் இருக்கிறவன் பவுசு" என்கிறது.

இரண்டுமே குறி தப்பிய வாதங்கள். சிறு ரோஸ்டர் பாக்கெட்டில் கவனிக்க வேண்டியது உள்ளே இருக்கும் கொட்டையை மட்டும் அல்ல. பின்பக்கம் அச்சடித்திருக்கும் நாலு வரியையும்தான்.

யார் இந்தச் சிறு ரோஸ்டர்கள்?

பச்சைக் காபிக் கொட்டையைத் தோட்டத்திலிருந்து வாங்கி, ஒரு தடவைக்குச் சில கிலோ என்ற கணக்கில் வறுத்து, வறுத்த சில நாள்களுக்குள் விற்பவர்கள். பெரிய பிராண்டுகள் பல தோட்டத்துக் கொட்டைகளைக் கலந்து, வருஷம் முழுக்க ஒரே சுவை வரும்படி பார்த்துக்கொள்ளும். இவர்கள் நேரெதிர். இந்தத் தோட்டம், இந்த அறுவடை, இந்த முறை என்று பிரித்து விற்பார்கள்.

இந்தியாவில் இந்த அலையைப் பரவலாக்கியதில் புளூ டோக்காய்க்குப் பங்கு உண்டு. 2013ல் டெல்லியில் சின்ன அளவில் தொடங்கிய நிறுவனம். இன்று பல நகரங்களில் கடை இருப்பதால் 'சிறு' என்ற சொல்லே அதற்குப் பொருந்தாது. 'டோக்காய்' என்பது மயில் தோகையைக் குறிக்கும் பழைய மலபார்ச் சொல் என்று அவர்கள் விளக்கம் தருகிறார்கள். தமிழ் தெரிந்தவர்களுக்கு அந்த விளக்கமே தேவையில்லை. அது நம்ம 'தோகை'தான்.

பெங்களூருவின் பிளாக் பாசா, காட்டு நிழலில் காபி வளர்க்கும் சிறு விவசாயிகளோடு வேலை செய்கிறது. ஆந்திராவின் அரக்குப் பள்ளத்தாக்கில் பழங்குடி விவசாயிகள் விளைவிக்கும் காபி, அரக்கு என்ற பெயரிலேயே 2017ல் பாரிஸில் கடை திறந்தது. சென்னையில் பீச்வில் மாதிரி ரோஸ்டர்கள் இருக்கிறார்கள். நெய்வேலிக்கு இன்னும் பக்கத்தில், ஆரோவில்லை ஒட்டிய குயிலாப்பாளையத்தில் மார்க்ஸ் கஃபே இருக்கிறது. பாண்டிச்சேரி போகிற ஞாயிற்றுக்கிழமையில் எட்டிப் பார்த்துவிடலாம்.

போக முடியாதவர்களுக்குக் கூரியர். காபி தேடல் பெருநகரத்துக்காரர்களின் தனிச்சொத்தாக இல்லாமல் போனதற்குக் காரணம் இதுதான். பெங்களூரு முகவரிக்கும் நெய்வேலி முகவரிக்கும் வித்தியாசம் ஓரிரு நாள். அவ்வளவே.

இது புதுசா? பாட்டியைக் கேளுங்கள்

பச்சைக் கொட்டை வாங்கி, வீட்டிலேயே இரும்புச் சட்டியில் வறுத்து, கையால் சுற்றும் மெஷினில் அன்றன்றைக்கு அரைத்து, பித்தளை ஃபில்டரில் இறக்குவது தமிழ்நாட்டுக் காபி வீடுகளில் இரண்டு மூன்று தலைமுறைக்கு முன் சாதாரணம். அதற்குப் பிறகு காபி அரைக்கும் கடை வந்தது. "கால் கிலோ கொடுங்க. பீபரி பாதி, பிளாண்டேஷன் பாதி. சிக்கரி இருபதுக்கு மேல வேணாம். கண் முன்னாடி அரைங்க." இது ஒரு வாடிக்கையாளர் தன் காபியைத் தானே வடிவமைத்த காலம். கையில் கிரைண்டரோடு நிற்கும் இன்றைய மகன் செய்வதும் கிட்டத்தட்ட அதுவேதான்.

காபியை அந்தஸ்தின் அடையாளமாகப் பார்ப்பதும் புதிதல்ல. வரலாற்றாசிரியர் ஆ.இரா.வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்ற கட்டுரையில், காலனியக் காலத் தமிழ்ச் சமூகத்தில் காபி எப்படி நடுத்தர வர்க்கத்தின் முத்திரையாக மாறியது என்று விரிவாக எழுதியிருக்கிறார். பழைய சோறும் நீராகாரமும் இருந்த இடத்துக்குக் காபி வந்தபோது அதைத் திட்டியவர்கள் ஏராளம். ஆக, இன்று 'நம்ம பாரம்பரியம்' என்று சொல்லும் ஃபில்டர் காபியும் ஒரு காலத்தில் 'பவுசு' என்று பேச்சு வாங்கியதுதான்.

அப்படியானால் உண்மையிலேயே புதுசு எது? தோட்டத்தின் பெயர்.

உங்கள் தாத்தா எவ்வளவு பெரிய காபிப் பிரியராக இருந்தாலும், 1980ல் அவரால் ஒரு குறிப்பிட்ட தோட்டத்துக் காபியைக் கடையில் கேட்டு வாங்குவது ஏறக்குறைய முடியாத காரியம். இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பியச் சந்தை அடைபட்டபோது, விவசாயியைக் காப்பாற்ற ஒரு ஏற்பாடு வந்தது. 1942ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், விளைந்த காபி ஏறக்குறைய மொத்தமும் காபி வாரியத்தின் பொதுத் தொகுப்புக்குப் போனது. அங்கே தரவாரியாகச் சேர்த்து ஏலம் விட்டார்கள். ஏற்காட்டுக் கொட்டையும் குடகுக் கொட்டையும் ஒரே குவியலில் கலந்துவிடும். 1990களில் இந்தக் கட்டுப்பாடு படிப்படியாகத் தளர்ந்து, 1996ல்தான் விவசாயிக்கு முழுச் சுதந்திரம் கிடைத்தது.

ரோஸ்டர் தோட்டத்துக்கே போய் வாங்கி, அதன் பெயரை பாக்கெட்டில் போடுவது அதற்குப் பிறகு சாத்தியமானது. ஆகவே இது வெளிநாட்டு ஃபேஷனின் நகல் மட்டும் அல்ல. அரை நூற்றாண்டு காலம் அழிந்துபோன ஒரு முகவரி திரும்பி வந்திருக்கிறது.

கேள்வி 1: எப்போது வறுத்தது?

காபி பாக்கெட்டில் 'பேக் செய்த தேதி' இருக்கும், 'இத்தனை மாதங்களுக்குள் பயன்படுத்தவும்' இருக்கும். வறுத்த தேதி பெரும்பாலும் இருக்காது. சுவையைத் தீர்மானிப்பது அதுதான்.

வறுக்கும்போது கொட்டைக்குள் கரியமில வாயு நிறைய உருவாகிறது. வறுத்த பிறகு அது மெல்ல மெல்ல வெளியேறும். கூடவே வாசனையும் கிளம்பிவிடும். காற்றில் உள்ள ஆக்சிஜன் மீதியைக் கெடுக்கும். முழுக் கொட்டையாக இருந்தால் சில வாரம் தாக்குப்பிடிக்கும். பொடியாக்கிவிட்டால் வாசனை போகும் வேகம் பல மடங்கு. 'வறுத்து ஒரு மாதத்துக்குள் கொட்டை, அரைத்தவுடன் பொடி' என்பதுதான் நடைமுறைக் கணக்கு. அதற்காக வறுத்த அன்றைக்கே குடிக்க வேண்டும் என்பதில்லை. இளம் வறுவலுக்கு ஒரு வாரம் போல ஓய்வு கொடுத்தால் இன்னும் நன்றாக இருக்கும்.

வீட்டிலேயே சோதிக்க ஒரு வழி உண்டு. ஃபில்டரில் பொடியைப் போட்டுக் கொஞ்சமாக வெந்நீர் விடுங்கள். பொடி உப்பி நுரைத்தால் வாயு இன்னும் உள்ளே இருக்கிறது, காபி புதுசு. சேறு மாதிரி அமுங்கிப் படுத்துவிட்டால், பாக்கெட்டில் என்ன தேதி இருந்தாலும் வாசனை போயாச்சு.

பக்கத்துக் கடையில் காலையில் வறுத்து மாலையில் அரைத்துத் தருகிறார் என்றால், தொலைவிலிருந்து வந்த ஸ்டைல் பாக்கெட்டை அவர் இந்தக் கேள்வியில் சுலபமாகத் தோற்கடித்துவிடுவார். ஆனால் நாம் கேட்டால்தானே அவர் சொல்வார்?

கேள்வி 2: எந்த மலை?

"பிளாண்டேஷன் ஏ" என்று கேட்டு வாங்குபவர்களில் பலர் அதை ஏதோ உயர்ந்த தோட்டத்தின் பெயர் என்று நினைக்கிறார்கள். அது ஊரும் இல்லை, தோட்டமும் இல்லை. தோல் நீக்கி, நீரில் கழுவிப் பக்குவப்படுத்திய அரபிகாவுக்கு இந்தியாவில் 'பிளாண்டேஷன்' என்று பெயர். பின்னால் வரும் ஏஏ, ஏ, பி என்ற எழுத்துகள் சல்லடையில் பிரித்த கொட்டையின் அளவு. பீபரியும் தனிச் செடி அல்ல. வழக்கமாக ஒரு பழத்துக்குள் இரண்டு விதை தட்டையாக ஒட்டியிருக்கும். சில பழங்களில் ஒன்று மட்டும் உருண்டையாக வளர்ந்துவிடும். அதுதான் பீபரி. அளவும் வடிவமும் தரத்தின் ஓர் அம்சம். சுவையின் முகவரி வேறு.

அந்த முகவரியைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி.காக்பர்ன் காலத்தில் ஏற்காட்டில் காபி வேர்விட்டது. சேர்வராயன், பழனி மலை, ஆனைமலை, நீலகிரி ஆகிய நான்கும் இன்று காபி வாரியப் பட்டியலில் உள்ள தமிழ்நாட்டுக் காபிப் பகுதிகள். திண்டுக்கல் மாவட்டம் தாண்டிக்குடியில் வாரியத்தின் வட்டார ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. நாடு முழுவதும் விளைச்சலில் ரோபஸ்டாவின் கை ஓங்கியிருக்க, தமிழ்நாட்டு மலைகளில் இன்னும் அரபிகாதான் அதிகம். நிழல் மரங்களுக்கு அடியில், மிளகுக் கொடிகளுக்கு நடுவே, மெதுவாகப் பழுக்கிற காபி அது.

ஆனால் பெயர்? 2019ல் கூர்க் அரபிகா, வயநாடு ரோபஸ்டா, சிக்மகளூர் அரபிகா, அரக்கு அரபிகா, பாபாபுடன்கிரி அரபிகா என ஐந்து காபிகளுக்கு ஒரே சமயத்தில் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த ஐந்தில் தமிழ்நாட்டுக் காபி ஒன்றுகூட இல்லை. இந்தியாவிலேயே காபியைப் பற்றி அதிகம் பெருமை பேசும் மாநிலம், தன் மலைக் காபியை அதிகம் பேசவில்லை. நமக்குக் கும்பகோணம் தெரியும். ஆனால் கும்பகோணத்தில் காபிச் செடி வளர்வதில்லை.

சிறு ரோஸ்டர்கள் இந்த இடத்தில் ஒரு நல்ல வேலை செய்திருக்கிறார்கள். ஏற்காட்டின் ரிவர்டேல் போன்ற தோட்டத்தின் பெயர் பாக்கெட்டின் முன்பக்கத்தில் வருகிறது. கடலூரிலிருந்து விருத்தாசலம், சேலம் நோக்கிப் போகும் ரயில் பாதை நெய்வேலி வழியாகத்தான் போகிறது. ஏறக்குறைய 200 கிலோமீட்டரில் இருக்கும் மலையின் காபி, வேறு மாநில ரோஸ்டர் வழியாகச் சுற்றி நெய்வேலிக்கு வருவது கொஞ்சம் வேடிக்கை. வராமலே இருந்ததற்கு இது பரவாயில்லை.

கேள்வி 3: எவ்வளவு சிக்கரி?

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடலாம். சிக்கரி விஷம் இல்லை, ஏமாற்று வேலையும் இல்லை. அது ஒரு செடியின் வேர். வறுத்து அரைத்தால் கருநிறமும் கெட்டியும் லேசான கசப்பும் தரும். கஃபீன் கிடையாது. நெப்போலியன் காலத்தில் காபி வரத்துத் தடைபட்டபோது பிரான்ஸில் பரவிய பழக்கம் அது. இந்தியாவில் குஜராத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் விளைகிறது. பாலோடு சேரும்போது டிகாக்‌ஷன் அமுங்கிப் போகாமல் நிற்பதற்குச் சிக்கரி உதவுகிறது. பலருக்கு 'காபி வாசனை' என்று நினைவில் நிற்பதே காபியும் சிக்கரியும் சேர்ந்த வாசனைதான்.

பிரச்னை அளவில் இருக்கிறது. உணவுப் பாதுகாப்பு விதிப்படி, காபி சிக்கரி கலவையில் காபி குறைந்தது 51 சதவீதம் இருந்தால் போதும். அதாவது கிட்டத்தட்ட பாதி பாக்கெட் சிக்கரியாக இருந்தாலும் சட்டப்படி சரி. எத்தனை சதவீதம் என்று லேபிளில் போட வேண்டும் என்பதும் அதே விதிதான். ஆனால் எத்தனை பேர் திருப்பிப் பார்க்கிறோம்? சிக்கரி காபியைவிட விலை குறைவு. 80க்கு 20 கலவையையும் 55க்கு 45 கலவையையும் பக்கத்தில் வைத்து "இது சீப்" என்று சொல்வது, பாலையும் தண்ணீர் கலந்த பாலையும் லிட்டர் விலையில் ஒப்பிடுவது மாதிரி.

சந்தேகமா? ஒரு கண்ணாடி டம்ளர் குளிர்ந்த தண்ணீரில் பொடியை மெல்லத் தூவுங்கள். காபி மிதக்கும். சிக்கரி சீக்கிரமே நிறம் விட்டுக்கொண்டு கீழே இறங்கும். எத்தனை சதவீதம் என்று இது சொல்லாது. இருக்கிறதா இல்லையா என்று காட்டிவிடும்.

சொல்லிச் சேர்த்தால் அது கலவை. சொல்லாமல் சேர்த்தால் கலப்படம். தூய காபி கட்சியும் டிகிரி காபி கட்சியும் சண்டையை நிறுத்திவிட்டு இந்த ஒரு வரியில் கைகுலுக்கிக்கொள்ளலாம்.

சரி, அந்தப் புளிப்பு?

அம்மாவின் முதல் புகார் இன்னும் நிலுவையில் இருக்கிறது. காபியில் ஏன் எலுமிச்சை?

காபி அடிப்படையில் ஒரு பழத்தின் விதை. பழத்துக்குரிய அமிலங்கள் அதில் இயல்பாகவே உண்டு. கருக வறுத்தால் அமிலம் குறைந்து கசப்பு மேலோங்கும். இளம் வறுவலில் புளிப்பும் இனிப்பும் தங்கும். பால் காபிக்கு ஏற்றது அடர் வறுவல், பாலில்லாத காபிக்கு இளம் வறுவல் அல்லது நடுத்தரம். இளம் வறுவல் கொட்டையை ஃபில்டரில் இறக்கிப் பாலைக் கொட்டிவிட்டு "இதுல ஒண்ணுமே இல்லையே" என்றால் தப்பு கொட்டை மேல் இல்லை. ரோஸ்டரிடம் "பால் காபிக்கு எது?" என்று கேட்டாலே சரியானதைத் தருவார். ஃபில்டருக்கென்றே கலவை விற்பவர்களும் இருக்கிறார்கள்.

இன்னொரு சிக்கல் வார்த்தை. பாக்கெட்டில் 'பிளாக் கரன்ட்', 'ஸ்டோன் ஃப்ரூட்' என்று எழுதியிருக்கும். வாழ்க்கையில் தின்றே இராத பழத்தின் சுவையைக் காபியில் எப்படிக் கண்டுபிடிப்பது? தெரியவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டு, "ஆமா, லேசா வருது" என்று தலையாட்டுபவர்கள் எத்தனை பேரோ!

தலையாட்ட வேண்டியதே இல்லை. நெய்வேலிக்காரருக்குப் பக்கத்திலேயே ஒரு சுவை அகராதி இருக்கிறது. பழத்தோடு வெயிலில் உலர்த்திப் பக்குவப்படுத்தும் காபிகளில் வரும் நொதித்த இனிப்பு, ஆனி மாதத்துப் பண்ருட்டிப் பலாச்சுளையின் வாசனைக்கு ரொம்பக் கிட்டே. நாக்கைப் பிடித்து இழுக்கும் காபியா? முந்திரிப்பழத்தைக் கடித்த நினைவு போதும். சிலதில் நாவல்பழம், சிலதில் நாட்டுச் சர்க்கரை, சிலதில் கமலா ஆரஞ்சுத் தோல். 'அஸ்ட்ரிஞ்சன்ட்' என்ற ஆங்கிலச் சொல்லைத் தேடிப் படிக்க வேண்டிய அவசியம் தமிழருக்கு இல்லை. 'துவர்ப்பு' என்று ஆறு வயதிலேயே சொல்லத் தெரியும். தமிழ்நாட்டில் விற்கும் ரோஸ்டர்களாவது பாக்கெட்டில் 'பலா', 'நாவல்' என்று எழுதத் தொடங்கினால், பாதி மிரட்சி அன்றைக்கே போய்விடும்.

காசுக் கணக்கு

கால் கிலோ 600 ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு கப்புக்கு 15 கிராம் என்றால் 16 கப். ஒரு கப் சுமார் 37 ரூபாய். டீக்கடைக் காபியைவிட அதிகம். மால் கஃபேயில் கொடுப்பதில் சிறு பங்கு. ஒரு மாதம் தினமும் நாலு பேர் குடிக்கும் வீட்டுக்கு இது கட்டாது. அம்மா சொல்வது இந்த இடத்தில் நியாயம்.

"ஞாயிற்றுக்கிழமை மட்டும் குடிச்சுக்கறேன்" என்பதிலும் ஒரு ஓட்டை உண்டு. வாரம் இரண்டு கப் என்றால் பாக்கெட் தீர எட்டு வாரம் ஆகும். அதற்குள் கொட்டை கிழடு தட்டிவிடும். 600 ரூபாய் கொடுத்து வாங்கியதில் பாதியைப் பழசாகக் குடிப்பீர்கள். பக்கத்து வீட்டிலோ ஷிஃப்டிலோ இன்னும் இரண்டு காபிப் பிரியர்களைப் பிடித்து ஒரே பாக்கெட்டைப் பிரித்துக்கொள்வது புத்திசாலித்தனம். செலவு மூன்றில் ஒன்று, ஆளுக்குக் கிடைப்பது புதுக் காபி.

ஆயிரக்கணக்கில் கருவிகளும் வேண்டாம். எவர்சில்வர் ஃபில்டரே போதும். செலவழித்தே ஆக வேண்டும் என்றால் முதல் செலவு ஒரு நல்ல கை கிரைண்டர். மற்றதெல்லாம் பிறகு.

விலை ஏன் இப்படி? பிரேசிலிலும் வியட்நாமிலும் வறட்சி விளைச்சலை அடித்ததில், 2025 பிப்ரவரியில் உலகச் சந்தையில் அரபிகா ஒரு பவுண்டுக்கு 4 டாலரைத் தாண்டி வரலாறு காணாத உச்சம் தொட்டது. இந்தியா தன் காபியில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கு ஏற்றுமதி செய்யும் நாடு. இத்தாலிக்காரர் என்ன விலை கொடுக்கத் தயார் என்பது மெயின் பஜாரில் நீங்கள் வாங்கும் பொடியின் விலையையும் தொடும். விலை ஏறும்போது சிக்கரியின் அளவும் சத்தமில்லாமல் ஏற வாய்ப்பு உண்டு. மூன்றாவது கேள்வி அப்போதுதான் ரொம்ப முக்கியம்.

பாக்கெட்டில் இல்லாத நான்காவது கேள்வி

இதுவரை சிறு ரோஸ்டர்களுக்குக் கைதட்டல். இனி ஒரு குறை.

வறுத்த தேதி போடுகிறார்கள். தோட்டம் போடுகிறார்கள். கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் உயரம் என்றுகூடப் போடுகிறார்கள். விவசாயிக்குக் கிலோவுக்கு எவ்வளவு கொடுத்தோம் என்று எத்தனை பாக்கெட்டில் பார்த்திருக்கிறீர்கள்? பழுத்ததை மட்டும் பார்த்துப் பார்த்துப் பல சுற்று கையால் பறித்தவருக்கு என்ன கூலி என்பதும் அதில் இருக்காது. 'டைரக்ட் டிரேட்' என்பது கேட்க நன்றாக இருக்கும் சொல். அதற்குச் சட்டப்படி வரையறை ஏதும் இல்லை.

கால் கிலோ 600 என்றால் கிலோ 2,400 ரூபாய். வறுக்கும்போது எடை குறைவதால் ஒரு கிலோவுக்குக் கிட்டத்தட்ட 1.2 கிலோ பச்சைக் கொட்டை வேண்டும். மீதியில் வாடகை, மின்சாரம், பாக்கெட், கூரியர், வரி, சம்பளம் எல்லாம் உண்டு. ரோஸ்டர் கொள்ளையடிக்கிறார் என்று சொல்லவில்லை. கணக்கைக் காட்டினால் நம்பிக்கை வரும் என்பதுதான் விஷயம். வெளிநாட்டில் சில ரோஸ்டர்கள் தோட்டத்துக்குக் கொடுத்த விலையை வெளிப்படையாக வெளியிடுகிறார்கள். இந்தியத் தோட்டங்களில் மிகப் பெரும்பாலானவை 10 ஹெக்டேருக்குக் குறைவான சிறு தோட்டங்கள். 'இந்தக் காபியால் அவர்கள் வாழ்க்கை மாறுகிறது' என்று விளம்பரத்தில் சொன்னால், எவ்வளவு மாறுகிறது என்று கேட்க வாங்குபவருக்கு உரிமை உண்டு.

இந்தக் கேள்வியின் அருமை மற்ற ஊர்க்காரர்களைவிட நெய்வேலிக்காரர்களுக்கு நன்றாகவே புரியும். இங்கே பழுப்பு நிலக்கரியை எரித்து எடுக்கும் மின்சாரம் தமிழ்நாட்டுக்கு மட்டும் அல்ல, கர்நாடகம், கேரளம், புதுச்சேரி என்று பல பக்கம் போகிறது. பெங்களூருவில் ஸ்விட்ச் போடுபவர் எத்தனை பேருக்கு நெய்வேலி ஞாபகம் வரும்? சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த கிராமம்? நைட் ஷிஃப்ட்டில் கண் விழிக்கும் ஆபரேட்டர்? வெளிச்சம் மட்டும் போய்ச் சேரும், முகவரி போகாது. அதே மாதிரி நெய்வேலியில் காபி குடிப்பவருக்கு ஏற்காட்டில் பழம் பறிப்பவர் ஞாபகம் வருவதில்லை. பெயர் தெரியாமல் உழைப்பது எப்படி இருக்கும் என்று தெரிந்த ஊர், இன்னொரு ஊரின் பெயரைக் கேட்பதில் முன்னால் நிற்கலாம்.

அம்மாவா, மகனா?

அம்மா ஃபில்டரை விட வேண்டாம். மகன் கண்ணாடிக் குடுவையை ஒளித்து வைக்கவும் வேண்டாம். இரண்டு பேரும் ஒரே கேள்விகளை இரண்டு இடத்தில் கேட்டால் போதும். மகன் ஆன்லைன் ரோஸ்டருக்கு ஒரு மெசேஜ் போடலாம்: வறுத்த தேதி பார்த்தேன், சந்தோஷம். தோட்டத்துக்கு என்ன விலை கொடுத்தீர்கள்? அம்மா காபிக் கடைக்காரரிடம் கேட்கலாம்: "இது எப்பங்க வறுத்தது? எந்த ஊர் கொட்டை? சிக்கரி எவ்வளவு போட்டீங்க?"

முதல் தடவை கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார். பத்து பேர் கேட்டால், பதினோராவது ஆள் வருவதற்குள் ஒரு சிலேட்டில் எழுதித் தொங்கவிட்டுவிடுவார். 'ஏற்காடு, நேற்று வறுத்தது, சிக்கரி 20.' மூன்றே தகவல்தான். பெரிய பிராண்டு பாக்கெட்டிலும் இருக்க வேண்டியது, பக்கத்துக் கடைச் சிலேட்டிலும் இருக்கக்கூடியது.

நல்ல காபி எது என்பதை ஒவ்வொரு நாக்கும் தனித்தனியாக முடிவு செய்துகொள்ளட்டும். அதில் எலுமிச்சை வாசனை வருவதும், பால் ஆடை மிதப்பதும் அவரவர் இஷ்டம். என்ன குடிக்கிறோம் என்று தெரிந்து குடிப்பது மட்டும் 600 ரூபாய் பாக்கெட்டுக்கான சலுகையாக இருக்கக் கூடாது. பத்து ரூபாய் சாஷேவுக்கும் அது பொருந்த வேண்டும்.